இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகள்: சில பிழைத்ததும் பல இடிக்கப்பட்டதும் ஏன்?

கேள்வி

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் பிரபுக் குடும்பங்கள் கட்டிய பெருமாளிகைகளைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். 1870-ஆம் ஆண்டளவில் அசைக்க முடியாதவையாகத் தோன்றிய இம்மாளிகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் இல்லாமற்போயின. எஞ்சியவற்றிலும் பல, கட்டியவர்கள் கனவிலும் நினைத்திராத பயன்களுக்கு மாறின: ஒன்று உறைவிடப் பள்ளியாயிற்று, ஒன்று படைவீரர் மருத்துவமனையாயிற்று, இன்னொன்று எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் இரகசிய நிலையமாயிற்று. ஏறத்தாழ ஒரே வகைச் செல்வத்தைக் கொண்டு கட்டப்பட்ட இரண்டு மாளிகைகளில் ஒன்று பிழைப்பதற்கும் மற்றொன்று அழிவதற்கும் எது காரணம்? கட்டடத்தின் அழகா, உரிமையாளரின் பிடிவாதமா, வெறும் தற்செயலா?

மற்றொன்றையும் அறிய விரும்புகிறேன். பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் மாளிகைகளில் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் வரவேற்பறைகளும் ஓவியங்களுமே முன்னிறுத்தப்படுகின்றன. பிற்காலத்தில் அங்கே படித்த மாணவிகளும், படுத்திருந்த நோயாளிகளும், வேலை பார்த்த எழுத்தர்களும் அக்கட்டடத்தின் வரலாற்றில் இடைச்செருகல்கள்தாமா?

பதில் 1

இம்மாளிகைகளை வீடு என்று மட்டும் எண்ணினால் அவற்றின் வீழ்ச்சி நமக்குப் புரியாது. சுற்றியிருந்த ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தின் குத்தகைக் கணக்குகள் அங்கேதான் பார்க்கப்பட்டன. அவ்வட்டாரத்துச் சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாகப் பல இடங்களில் அவ்வீட்டுத் தலைவரே இருந்தார். தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்பதும் அவ்வீட்டின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. யார்க்ஷயரில் வென்ட்வொர்த் உட்ஹவுஸ் என்னும் மாளிகையின் உரிமையாளராக இருந்த இரண்டாம் ராக்கிங்காம் பிரபு 1765-இலும் 1782-இலும் பிரதமரானார். அம்மாளிகையின் நீண்ட கிழக்கு முகப்பு, குடும்பம் வாழ்வதற்காக எழுப்பப்பட்டது என்பதைக் காட்டிலும் அரசியல் கூட்டாளிகளைத் திரட்டவும் வந்தவர்களை வியக்க வைக்கவும் எழுப்பப்பட்டது என்பதே பொருந்தும். 

இவ்வளவையும் தாங்கி நின்றது நிலவருவாய். 1870களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சமவெளிகளின் மலிவான கோதுமை இரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து குவியத் தொடங்கியதும் இங்கிலாந்தின் தானிய விலை சரிந்தது. அதனுடன் குத்தகையும் சரிந்தது. பரம்பரைக் கட்டுப்பாட்டில் முடங்கியிருந்த நிலங்களை விற்பதற்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இறந்தவரின் சொத்தின்மீது 1894-இல் வந்த மரண வரி மிகப்பெரிய சொத்துகளுக்கே 8 விழுக்காடாக இருந்தது. 1919-இல் அதன் உச்ச விகிதம் 40 விழுக்காட்டை எட்டியது. முதல் உலகப் போரில் வாரிசுகளையும் இழந்திருந்த குடும்பங்கள் முதலில் நிலத்தை விற்றன. நிலம் போன பின், மாளிகை என்பது ஓட்டைக் கூரையும் எரிபொருட் செலவும் மட்டுமே எஞ்சிய சுமையாயிற்று.

எது பிழைத்தது என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: குடும்பத்தால் இனிச் செலவு செய்ய இயலாது என்ற நிலை வந்த அந்த நேரத்தில், அந்த அறைகள் வேறொருவருக்குத் தேவைப்பட்டனவா என்பதே முடிவு செய்தது. அழகுக்கு அதில் பங்கு குறைவு. பிளெட்ச்லி பார்க்கைப் பாருங்கள். 1883-இல் அந்நிலத்தை வாங்கிய ஹெர்பர்ட் லியோன் என்னும் நிதியாளர் பலவகைப் பாணிகளைக் கலந்து விரிவுபடுத்திய அம்மாளிகையைக் கட்டடக்கலை அறிஞர்கள் யாரும் பெரிதாகப் புகழ்ந்ததில்லை. ஆனால் இலண்டனுக்குச் செல்லும் முதன்மை இரயில் பாதையும், ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைத்த பாதையும் சந்தித்த இடத்தின் அருகில் அது இருந்தது. 1938-இல் உளவுத்துறைத் தலைவர் ஹியூ சின்க்ளேர் 6,000 பவுண்டுக்கு அதை வாங்கினார். எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் நிலையமாக மாறிய அங்கும் அதன் கிளைகளிலும் போரின் உச்சத்தில் ஏறத்தாழ 9,000 பேர் பணியாற்றினர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள்.

அதற்கு நேர்மாறு லௌதர் கோட்டை. வெஸ்ட்மர்லாந்தில் அரண்மனைபோல் எழுந்து நின்ற அதன் அறைகளை ஏற்கப் பள்ளியும் முன்வரவில்லை, மருத்துவமனையும் முன்வரவில்லை. போர்க்காலத்தில் அதன் வளாகம் படையினரின் டாங்கிப் பயிற்சிக்குப் பயன்பட்டது. 1947-இல் உள்ளிருந்த பொருள்கள் ஏலம் போயின. 1957-இல் கூரை அகற்றப்பட்டது. இன்று வெறும் சுவர்களாக நிற்கும் அதன் முகப்பைக் காணும்போது, அழகு ஒரு கட்டடத்தைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை எனக்கு எழவில்லை.

பதில் 2

முன்னவர் கூறியதை ஏற்கிறேன். ஆயினும் தேவை வந்தால் போதும் என்று சொல்லிவிட முடியாது, யார் வந்தார்கள் என்பதும் முக்கியம். 1939-இல் போர் தொடங்கியபோது மாளிகைகள் அரசால் கையகப்படுத்தப்படும் என்பது தெரிந்திருந்தது. டெவன்ஷயர் பிரபு தம் சாட்ஸ்வர்த் மாளிகைக்குப் படைவீரர்களைவிட மாணவிகளே நல்லவர்கள் என்று கணித்து, வேல்ஸிலிருந்து பென்ராஸ் கல்லூரி என்னும் பெண்கள் பள்ளியை வரவழைத்தார். அரசர் வருகைக்காக அலங்கரிக்கப்பட்ட கூடங்களில் மாணவிகளின் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. மாளிகை பெரும் சேதமின்றிப் போரைக் கடந்தது. ஆனால் பள்ளி வந்தாலே பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. யார்க்ஷயரின் காசில் ஹவர்ட் மாளிகையிலும் பெண்கள் பள்ளி ஒன்றுதான் தங்கியிருந்தது. 1940 நவம்பரில் ஏற்பட்ட தீ அதன் புகழ்பெற்ற குவிமாடத்தை அழித்தது. அது மீண்டும் எழுப்பப்பட இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 

வென்ட்வொர்த் உட்ஹவுஸின் கதையைத்தான் நான் முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஆங்கில நாட்டுப்புற மாளிகைக்கு நேரக்கூடிய அனைத்தும் அந்த ஒரு கட்டடத்துக்கு நேர்ந்தன. ராக்கிங்காமுக்குப் பின் அதை அடைந்த ஃபிட்ஸ்வில்லியம் குடும்பத்தின் செல்வம் பெரும்பாலும் அந்நிலத்தடி நிலக்கரியிலிருந்து வந்தது. போர்க்காலத்தில் படையின் உளவுப் பிரிவினர் அங்கே தங்கினர். 1946-இல், எரிபொருட் பஞ்சம் நிலவிய காலத்தில், எரிபொருள் அமைச்சர் இமானுவேல் ஷின்வெல்லின் ஆணையின்படி மாளிகையின் பூங்காவும் தோட்டங்களும் திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டப்பட்டன. தோண்டிய மண் மாளிகையின் வாசல்வரை மலையாகக் குவிந்தது. அதை எதிர்த்தவர்களில் யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அந்தத் தோட்டத்தைத் தங்களுக்கும் உரியதாக அவர்கள் கருதினார்கள்.

அதன்பின், குடும்பத்தைச் சேர்ந்த லேடி மேபல் ஸ்மித்தின் முயற்சியால் வெஸ்ட் ரைடிங் மாவட்ட மன்றம் மாளிகையின் பெரும்பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, உடற்பயிற்சி ஆசிரியைகளை உருவாக்கும் கல்லூரியை அங்கே அமைத்தது. பளிங்குக் கூடத்தில் விருந்தினர்கள் நடனமாடிய காலம் போய், ஆசிரியப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் அதே தரையில் பயிற்சி செய்தார்கள். 1979-இல் அக்கல்லூரி ஷெஃபீல்ட் பாலிடெக்னிக்குடன் இணைந்தது. 1980களின் இறுதிக்குள் அந்நிறுவனமும் வெளியேறியது. பின்னர் தனியார் கைகளுக்கு மாறிய மாளிகையை 2017-இல் ஓர் அறக்கட்டளை 70 இலட்சம் பவுண்டுக்கு வாங்கி, கூரையிலிருந்து பழுதுபார்க்கத் தொடங்கியது. அந்தக் கல்லூரி வந்திராவிட்டால் 1950களிலேயே இது இடிக்கப்பட்டிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பழங்கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பங்கு என்ன? நெருக்கடியில் இருந்த குடும்பங்கள் எல்லாம் மாளிகையை அதனிடம் ஒப்படைத்திருக்கலாமே?

பதில் 3

அப்படி எளிதாக ஒப்படைக்க இயலவில்லை. 1895-இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் முதலில் கவலைப்பட்டது திறந்தவெளிகளையும் சிறிய பழங்கட்டடங்களையும் பற்றியே. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையுடன்தான் மாளிகைகளை ஏற்கும் திட்டம் உருவாயிற்று. லோதியன் பிரபு 1940-இல் இறந்தபோது நார்ஃபோக்கிலுள்ள பிளிக்ளிங் மாளிகை இவ்வழியில் வந்து சேர்ந்தது. ஆனால் மாளிகையுடன் அதன் பராமரிப்புக்கு வேண்டிய நிலமோ பணமோ சேர்ந்து வர வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. நிலத்தை முன்பே விற்றுவிட்ட குடும்பங்களுக்கு, அதாவது உதவி மிகவும் தேவைப்பட்டவர்களுக்கு, அக்கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது.

சாட்ஸ்வர்த் குடும்பமே எவ்வளவு நெருங்கி வந்தது என்பதைப் பாருங்கள். சொத்தை மகனுக்கு மாற்றி எழுதிய பத்தாம் டெவன்ஷயர் பிரபு, மரண வரியிலிருந்து விலக்குப் பெற அவர் உயிரோடிருக்க வேண்டிய காலம் முடியச் சில வாரங்களே இருந்தபோது 1950 நவம்பரில் இறந்தார்; 80 விழுக்காடு வரி விழுந்தது. அதைத் தீர்க்கப் பெருமளவு நிலமும் சிறந்த ஓவியங்களும் போயின. குடும்பத்தின் மற்றொரு மாளிகையான ஹார்ட்விக் அரசிடம் சென்று, 1959-இல் நேஷனல் டிரஸ்டை அடைந்தது.

மற்றவர்கள் கட்டணம் வாங்கிப் பார்வையாளர்களை அனுமதித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வீட்டு மேற்பார்வைப் பெண்மணிக்குச் சிறு தொகை கொடுத்து மாளிகைகளைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. ஆனால் அதையே பிழைப்பாகக் கொண்டது புதிது. பாத் பிரபு 1949-இல் லாங்லீட் மாளிகையைத் திறந்தார். 1966-இல் அதன் பூங்காவில் சிங்கங்களைக் கொண்டுவந்தார். பலர் முகம் சுளித்தார்கள். மாளிகை நிற்கிறது, குடும்பமும் அங்கே இருக்கிறது என்பதால் அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

சட்டங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரலாற்றுச் சிறப்புக்காக அரசு பட்டியலிட்ட கட்டடத்தை இடிக்க முன் அனுமதி கட்டாயம் என்று 1968-இல் விதிக்கப்பட்டது. அதுவரை இடிக்க எண்ணிய உரிமையாளரைத் தடுப்பது கடினமாக இருந்தது. இழந்தவற்றின் அளவைப் பொதுமக்கள் உணர்ந்தது 1974-இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியின்போதுதான். யாரும் அவ்வளவாகப் பேசாத மற்றொரு சட்டமும் உண்டு: பதிவு அலுவலகத்துக்கு வெளியே, அனுமதி பெற்ற கட்டடங்களில் பதிவுத் திருமணம் நடத்தலாம் என்று 1994-இல் வந்த சட்டம். வார இறுதித் திருமணங்களின் வாடகையால் கூரை ஓடுகளை மாற்றிக்கொண்ட மாளிகைகள் பல.

பதில் 4

இரண்டாவது கேள்வி இன்னும் விடையின்றி இருக்கிறது. இடைச்செருகல்கள் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பெர்க்ஷயரிலுள்ள பாசில்டன் பார்க்கை எடுத்துக்கொண்டே விளக்குகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் வங்காளத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய பிரான்சிஸ் சைக்ஸ், கட்டடக்கலைஞர் ஜான் காரைக் கொண்டு 1776-இல் கட்டத் தொடங்கியது அது. அடுத்து அதை வாங்கிய ஜேம்ஸ் மாரிசன் துணி வணிகத்தில் செல்வரானவர். முதல் உலகப் போரில் அது காயமுற்ற வீரர்கள் உடல் தேறும் இடமாக இருந்தது. பிறகு ஒருவர், மாளிகையையே பெயர்த்து அமெரிக்காவுக்கு விற்க முயன்றார். அது நடக்கவில்லை, ஆனால் உள்ளலங்காரங்களில் ஒரு பகுதி நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலைச் சென்றடைந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரும், பின்னர் போர்க்கைதிகளும் அங்கே இருந்தனர். 1950களின் தொடக்கத்தில் பாழடைந்த நிலையில் அதை வாங்கிய இலிஃப் தம்பதியர், ஜான் கார் மாற்றியமைத்திருந்த, அப்போது இடிக்கப்படவிருந்த பேன்டன் மாளிகையின் கதவுகளையும் கணப்படுப்புகளையும் கொண்டுவந்து பொருத்தினார்கள். 1978-இல் அதை நேஷனல் டிரஸ்டுக்கு அளித்தார்கள்.

ஆகவே, இன்று அங்கே பதினெட்டாம் நூற்றாண்டு என்று நாம் காணும் அறைகளில் ஒரு பங்கு, இருபதாம் நூற்றாண்டுத் தம்பதியர் இழப்புகளிலிருந்து திரட்டியது. எந்தக் காலத்தை மீட்பது என்ற முடிவே வரலாற்றைப் பற்றிய ஒரு தீர்ப்பு. டர்பிஷயரின் கால்க் அபி மாளிகையை 1985-இல் ஏற்றபோது, உரிந்த சுவர்த்தாள்களையும் குவிந்த பொருள்களையும் அப்படியே காப்பது என்று நேஷனல் டிரஸ்ட் முடிவெடுத்தது; அது துணிச்சலான, நேர்மையான முடிவு என்பேன். அதே அமைப்பு 2020-இல் வெளியிட்ட அறிக்கை, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வாணிகத்துடனும் காலனியாட்சியுடனும் இருந்த தொடர்புகளை வெளிப்படையாகப் பட்டியலிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்தது. சைக்ஸின் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் பாசில்டனின் மேற்கூரைச் சுதைவேலைப்பாட்டை மட்டும் காட்டுவது வரலாறாகாது என்பதால் அவ்வறிக்கையின் நோக்கத்தை நான் ஆதரிக்கிறேன்.

பயன்களின் அடுக்குகளை நேரடியாகக் காண விரும்பினால் வட இலண்டனின் டிரென்ட் பார்க்கைப் பற்றிப் படிக்கத் தொடங்குங்கள். பிலிப் சசூனின் விருந்து மாளிகையாக இருந்த அங்கே, போர்க்காலத்தில் சிறைப்பட்ட ஜெர்மானியத் தளபதிகள் வசதியாகத் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களின் உரையாடல்களை மறைத்துவைத்த ஒலிவாங்கிகள் வழியே கேட்டு எழுதியவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பிவந்த யூத அகதிகள். போருக்குப் பின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி, அதன்பின் 2012 வரை மிடில்செக்ஸ் பல்கலைக்கழகம், இப்போது குடியிருப்புகள். அம்மாளிகையின் ஒரு பகுதியை அருங்காட்சியகமாக்கப் பாடுபட்டவர்கள் முன்னிறுத்தியது சசூனின் விருந்துகளை மட்டுமல்ல, அந்த அகதிகளின் பணியையும்தான்.