89க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணு வாரிசு இல்லையாம்!

வைகைக்கரை: நேத்து இங்க ஒரு அண்ணன் "89க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணு வாரிசே கிடையாது, வேணும்னா சீர் கேட்டு வாங்கிக்கலாம்"னு எழுதிருக்காரு, அதுக்கு ஆளாளுக்கு கைதட்டல் வேற. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. எங்கம்மாவுக்கு கல்யாணம் ஆனது 1987. தாத்தா 2001ல போயிட்டாரு. நாலு ஏக்கர் நஞ்சை, ஒரு ஓட்டு வீடு. மாமாங்க ரெண்டு பேரும் "நாங்க 96லயே பிரிச்சிக்கிட்டோம்"ங்குறாங்க, ரெஜிஸ்டர் ஒண்ணும் பண்ணல, கோடு போட்ட நோட்டுல எழுதி வச்சிருக்காங்க, அதுலயும் அம்மா கையெழுத்து இல்ல. வாரிசு சர்டிபிகேட்ல அம்மா பேரு இருக்கு. தாசில்தாருக்குத் தெரிஞ்சது கூடப்பொறந்தவங்களுக்குத் தெரியலயா?

நொய்யல்மணி: அந்த அண்ணன் நான்தானுங்க. எழுதுனது எழுதுனதுதான். கலைஞர் ஆட்சில பூர்வீகச் சொத்துக்கு வந்த சட்டம், 1989 மார்ச் 25ல இருந்து அமல். அன்னிக்கு கல்யாணம் ஆகாத பொண்ணுக்குத்தான் பங்கு. உங்கம்மாவுக்கு 87. முடிஞ்சு போச்சுங்க.

தாமிரபரணிக்காரன்: வே மணி, எந்தக் காலத்துல இருக்கீரு? அது மாநிலச் சட்டம்வே. 2005 செப்டம்பர் 9ல மத்திய அரசு சட்டம் வந்துட்டு, அதுல கல்யாணம் ஆனவ ஆகாதவங்குற பேச்சே கிடையாது, பொறந்தாலே பங்கு. 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் அப்பன் 2005ல உசுரோட இருக்கணும்னுகூட அவசியமில்லன்னு சொல்லியாச்சு.

நொய்யல்மணி: 2015ல அதே சுப்ரீம் கோர்ட் அப்பனும் உசுரோட இருக்கோணும்னு சொல்லுச்சே, அது என்ன டீக்கடைத் தீர்ப்பா? மார்ச் 25க்கு பதில் சொல்லுங் முதல்ல.

தாமிரபரணிக்காரன்: அந்த 2015 தீர்ப்பத்தான் 2020ல செல்லாதுன்னு தூக்கிட்டாங்க! அது ரெண்டு நீதிபதி, இது மூணு. எண்ணத் தெரியும்லா?

பழைய_பத்திரம்: ஒரு சின்னக் கேள்வி. அந்த நிலம் தாத்தா சொந்தமா கிரயம் வாங்குனதா, இல்ல அவரோட அப்பா வழில வந்ததா? சொந்தமா வாங்கி உயில் எழுதாம போயிருந்தா 1989 சட்டமே தேவையில்ல, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கு மகனுக்கு சமமா உண்டு. பாட்டி இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு.

நொய்யல்மணி: மார்ச் 25ங்க. மார்ச் 25. எங்க வேணா சுத்துங், அங்கதான் வந்து நிக்கோணும். எந்தங்கச்சிக்கு 88 தை மாசம் கல்யாணம், நாப்பது பவுன், புல்லட்டு, வளைகாப்பு, ரெண்டு பிரசவம், காதுகுத்து, எல்லாம் நானே செஞ்சேன். இப்ப இந்த 2005 காயிதத்தத் தூக்கிட்டு கோர்ட்டுக்குப் போயிருக்கா. அப்பனுக்கு பக்கவாதம் வந்து ஆறு வருசம் கெடந்தப்ப பீ மூத்திரம் அள்ளுனது யாரு? சட்டமா வந்து அள்ளுச்சு?

மல்லிப்பூ76: ஓ, இப்பல்ல புரியுது, கேஸ் உங்க வீட்டுலயா! சீர் கொடுத்தா பங்கு போயிடும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நாப்பது பவுன கணக்கு சொல்றவரு அந்த முப்பது வருச வெள்ளாமையையும் கணக்கு சொல்லட்டுமே. அள்ளுனது உங்க வீட்டம்மாவா நீங்களா, அதையும் சொல்லுங்க.

நொய்யல்மணி: வீட்டுப் பொம்பளயப் பேசாதீங். நீங்க போன வருசம் போர்வெல் விசயத்துலயும் இப்படித்தான் பாதில பூந்து கொழப்புனீங், ஆயிரம் அடி போட்டும் தண்ணி வர்ல.

மல்லிப்பூ76: நான் ஆயிரம் அடின்னு சொல்லவே இல்ல. அறுநூறுன்னு சொன்னேன். பழைய பதிவு இருக்கு, தேடிப் பாருங்க.

சிராங்கூன்_செல்வம்: நான் சிங்கப்பூர்ல இருக்கேன், எங்கக்காங்க மூணு பேரும் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டாங்க, ஒரு பிரச்சனையும் இல்ல. பாசம் இருந்தா சட்டமே வேணாம் சகோ.

மல்லிப்பூ76: பாசத்துல உங்க பங்க அக்காங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கலாமே சகோ. பாசம் எப்பவும் ஒரே பக்கமாத்தான் ஓடுமா?

தாமிரபரணிக்காரன்: விஷயத்துக்கு வாங்க. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி ரெஜிஸ்டர் பண்ணுன பாகப்பிரிவினை, இல்லன்னா பிரிச்சுக் கொடுத்த கோர்ட் தீர்ப்பாணை, அது ரெண்டும்தான் தப்பிக்கும். வாய்வழியா பிரிச்சோம்னா அரசு ஆவணம் எதையாவது காட்டி நிரூபிக்கணும், லேசுல ஏத்துக்க மாட்டான். மாமா நோட்டு பலசரக்கு கட்டத்தான் ஆவும்.

நொய்யல்மணி: 96லயே பட்டா தனித்தனியா மாறி இருந்தா? வரி ரசீது இருந்தா? அப்ப என்ன பண்ணுவீங்? வாரிசு சர்டிபிகேட்டுங்குறாங்க, அது பென்சனுக்கும் பேங்குக்கும் கொடுக்குற காயிதம், அத வெச்சு தோட்டத்துல கால் வெக்க முடியுமா? வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்துல விசாரிச்சு பேரு எழுதிக் கொடுக்குறாரு, அவ்வளவுதான். சொத்து யாருதுன்னு தாசில்தார் சொல்ல முடியாதுங்க. இது நான் ரெண்டு வருசமா கோர்ட்டு வராண்டாவுல நின்னு படிச்ச பாடம். உங்களாட்டம் போன்ல படிக்கல. சட்டம் வந்த தேதி மார்ச் 25, அதுக்கு முன்னாடி கட்டிக்கொடுத்த எந்த அப்பனும் பங்கு போயிடும்னு நெனச்சு கட்டிக்கொடுக்கல.

தாமிரபரணிக்காரன்: சர்டிபிகேட் விஷயம் நீரு சொல்லுதது சரிதான். மத்தது பூராத் தப்பு.

நொய்யல்மணி: சரின்னு ஒத்துக்கிட்டீங்களா, எல்லாரும் பாத்துக்கங்.

தாமிரபரணிக்காரன்: அய்யோ, ஒரு வரியத்தான்வே சரின்னேன்!

பழைய_பத்திரம்: மறுபடியும் கேக்குறேன். மூலப்பத்திரம் யார் பேர்ல இருக்கு? வில்லங்கச் சான்று போட்டுப் பாத்தீங்களா?

வைகைக்கரை: இவ்வளவு நேரம் அம்மாகிட்டதான் பேசிட்டிருந்தேன். பாட்டி 2010ல இறந்தாங்களாம். அம்மா "எனக்கு நிலம் வேணாம், நான் அந்த வீட்டுப் பொண்ணு இல்லன்னு சொன்னான்ல, அத அவன் வாயால மாத்திச் சொல்லட்டும்"னு அழுவுறாங்க. மணி அண்ணே, உங்க தங்கச்சியும் அப்படித்தான் சொல்லிருப்பாங்க.

நொய்யல்மணி: எந்தங்கச்சி பேச்ச எடுக்காதீங். கல்யாணப் பத்திரிகை இருந்தா போட்டோ போடுங், தேதியப் பாத்துட்டுப் பேசலாம்.

மல்லிப்பூ76: 1987ன்னு முதல் வரிலயே சொல்லிட்டாங்களே அய்யா!

நொய்யல்மணி: 87ல எந்த மாசம்ங்க?