வெறுங்கால் ஷூ: மூன்று மாதம் நடந்து பார்த்தேன்

நடைவாசி:
ஆகஸ்டிலிருந்து "வெறுங்கால் ஷூ" என்கிறார்களே, அதைப் போட்டு நடக்கிறேன். அடியில் ஐந்து மில்லிமீட்டர் ரப்பர்தான். மெத்தை கிடையாது. குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் நிற்கும், விரல் பக்கம் நன்றாக அகன்றிருக்கும். வீட்டிலிருந்து மெட்ரோ, அங்கிருந்து ஆபீஸ், திரும்ப வீடு என்று தினமும் நான்கு கிலோமீட்டர். முதல் பத்து நாள் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது, மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடித்தேன். இப்போது அது இல்லை. சுண்டுவிரலில் வருடக்கணக்காக இருந்த கால் ஆணியும் கரைந்துவிட்டது. வேறு யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

குதிகால்காரன்:
விலை என்ன?

நடைவாசி:
நான்காயிரத்துச் சொச்சம்.

குதிகால்காரன்:
நான்காயிரம் கொடுத்துச் செருப்பில்லாமல் நடக்கிறீர்கள். எங்கள் தாத்தா இதையே சும்மா செய்தார்.

கிண்டல் போகட்டும். இரண்டு வருடம் முன்னால் நானும் இதே ஆசையில் வாங்கினேன். வாங்கிய அன்றே எட்டு கிலோமீட்டர் நடந்தேன், மறுநாளும் அப்படியே. மூன்றாவது வாரம், காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஊசி இறங்குவது போல வலி. சரியாக ஆறு மாதம் பிடித்தது. என் பெயர்க்காரணம் அதுதான்.

விரல் விரலாகக் கையுறை போல ஒரு ஷூ வந்ததே, இத்தாலியின் விப்ரம் கம்பெனி தயாரிப்பு, நினைவிருக்கிறதா? கால் தசை வலுவாகும், காயம் குறையும் என்று விளம்பரம் செய்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2014இல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டார்கள். தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உறுதியான ஆதாரம் கையில் இருந்தால் யார் அவ்வளவு பணத்தை எடுத்து வைப்பார்கள்?

நடைவாசி:
அந்த வழக்கு போட்டது 2012இல். ஆய்வுகள் அப்புறம் வந்தன. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவை எட்டு வாரம் இந்த மாதிரி ஷூவில் நடக்க வைத்தார்கள், இன்னொரு குழுவுக்குப் பாதத்துக்கான உடற்பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு குழுவிலும் பாதத் தசை ஏறக்குறைய ஒரே அளவுக்கு வலுவானது. அது 2019. இங்கிலாந்தின் லிவர்பூலில் இந்த மாதிரி ஷூவை ஆறு மாதம் தினசரி உபயோகித்த பிறகு பாத வலு சராசரியாக 57 சதவீதம் கூடியதாக 2021இல் எழுதினார்கள். முதல் நாளே எட்டு கிலோமீட்டர் நடந்ததற்கு ஷூ என்ன செய்யும் சார்?

குதிகால்காரன்:
அதே பிரிகாம் யங்கின் 2013 ஆய்வை விட்டுவிட்டீர்களே. பத்து வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விரல் ஷூவுக்கு மாற்றினார்கள். என்னைப் போல அவசரப்படவில்லை. ஆனாலும் 19 பேரில் 10 பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் பாத எலும்புக்குள் வீக்கம் கூடியிருந்தது. சாதாரண ஷூக்காரர்கள் 17 பேரில் அதைவிட மிகக் குறைவானவர்களுக்குத்தான்.

நடைவாசி:
அவர்கள் ஓடினார்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தரையில் மோதுகிறது, நடக்கும்போது எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். நான் கேட்டது நடப்பதைப் பற்றி.

சேலத்துக்காரன்:
இரண்டு பேரும் வெளிநாட்டுக்கே போகிறீர்கள். நம் நாட்டு ஆய்வு ஒன்று 1992இலேயே இருக்கிறது. ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரை 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடு எடுத்துப் பார்த்தார்கள். காலணி போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்கு உள்வளைவு இல்லாத தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8. அதிலும் மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம், செருப்புப் போட்டவர்களுக்குக் குறைவு. அப்படியென்றால் நூற்றைம்பது ரூபாய் ஹவாய் செருப்பு போதுமே, நான்காயிரம் எதற்கு?

நடைவாசி:
ஹவாய் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் விரலை மடக்கிப் பிடிக்கிறோம். தண்ணி குடிக்கப் போய் வர அது போதும், நான்கு கிலோமீட்டருக்கு ஆகாது. தவிர அந்த ஆய்வு வளரும் பிள்ளைகளைப் பற்றியது. எனக்கு நாற்பத்தி மூன்று வயது, இனி என் பாதம் வளைந்தா கொடுக்கப்போகிறது?

சேலத்துக்காரன்:
வளையாது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் எதற்கு ஷூ!

மதுமதி:
சண்டைக்கு நடுவில் ஒரு விஷயம். என் மாமனாருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு மெல்லிய ஷூ வாங்கி நடந்தார். அடியில் ஒரு சின்ன ஆணி ஏறி நின்றிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. இப்போது சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்புத்தான். நடைவாசி அண்ணா, தரையை உணரலாம் என்பதுதானே இந்த ஷூவின் பெருமை? உணர்ச்சியே இல்லாதவர் போட்டால் பாதுகாப்பு மட்டும்தான் போகும்.

நடைவாசி:
முதல் பதிவிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். சர்க்கரையால் காலில் மரத்துப்போதல் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், மருத்துவர் சொன்ன செருப்பை மாற்றாதீர்கள். மற்றவர்கள் முதல் வாரம் வீட்டுக்குள், அப்புறம் பத்து நிமிடம், பிறகு கால் மணி நேரம் என்று கூட்டுங்கள். வலி வந்தால் பழைய ஷூவுக்குத் திரும்புங்கள். நான் அப்படி இரண்டு தடவை திரும்பினேன்.

குதிகால்காரன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஆகஸ்டில்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். மே மாதம் மதியம் ஒரு மணிக்கு, தார் உருகும் ரோட்டில் அந்த ஐந்து மில்லிமீட்டரோடு நடந்துவிட்டு வந்து எழுதுங்கள். அதுவரை என் தடித்த அடி ஷூவை யார் சொன்னாலும் கழற்ற மாட்டேன்.

நடைவாசி:
மே மாதத்தை அப்போது பார்க்கலாம் சார். இப்போதைய எதிரி ஜல்லி. எங்கள் தெருவில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டி மூன்று வாரமாக மூடவில்லை, அந்த இடம் வந்தால் மட்டும் எதிர் பிளாட்பாரத்துக்குப் போய்விடுகிறேன்.