சத்தம் உள்ளே இழுக்கும்போதா, வெளியே விடும்போதா? மூச்சுவழி அடைப்போடு வாழும் அனுபவங்கள்

மழைத்துளி:

என் மகளுக்கு அப்போது 6 வயது. கண்ணாமூச்சி ஆட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டாள். "அம்மா எங்க ஒளிஞ்சாலும் சத்தம் கேக்குது" என்பாள். கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றாலும் என் மூச்சு காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் எல்லாருக்கும் அந்தச் சத்தம் பழகிப் போயிருந்தது, எனக்கும்தான்.

இரண்டரை வருடம் ஆஸ்துமா என்றே மருந்து எடுத்தேன். இன்ஹேலரை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட வாரங்களில் கொஞ்சம் தேவலாம், நிறுத்தினால் பழையபடி. அந்தக் "கொஞ்சம் தேவலாம்"தான் எல்லாரையும் திசை திருப்பிவிட்டது. உள்ளே வீக்கம் சற்று வடிந்ததால் கிடைத்த நிம்மதியை ஆஸ்துமாவுக்கான சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

அந்த இரண்டரை வருடத்தில் வாழ்க்கை எப்படிச் சுருங்கியது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எதுவும் ஒரே நாளில் போகவில்லை. முதலில் நடந்துகொண்டே போன் பேசுவது நின்றது. அப்புறம் மகளுக்குக் கதை வாசிப்பது. ஒரு வரிக்கு நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால் அவளுக்குக் கதை கலைந்துவிடும். அதனால் படத்தைப் பார்த்து அவளையே சொல்லச் சொன்னேன். குனிந்து செருப்பு வாரை மாட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் தயாராக வேண்டியிருந்தது. பலமாகச் சிரித்தால் இருமல் வந்துவிடும் என்று சிரிப்பையும் அடக்கப் பழகினேன். யாரோடாவது நடக்கும்போது எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் நின்று நின்று போவேன். மருத்துவர் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால், "பரவாயில்லை, படி ஏறினா மட்டும் மூச்சு வாங்குது" என்பேன். மறைத்தேன் என்று சொல்ல முடியாது. என்னென்ன கைவிட்டுப் போயிருந்தது என்பது எனக்கே தெரியவில்லை.

தொண்டை வலிக்காக ஒரு ஈ.என்.டி. மருத்துவரிடம் போனபோதுதான் கதை மாறியது. அவர் தொண்டையைப் பார்ப்பதற்கு முன் சற்று நேரம் பேசாமல் இருந்து நான் மூச்சு விடுவதைக் கேட்டார். பிறகு, "இந்தச் சத்தம் உள்ளே இழுக்கும்போது வருதா, வெளியே விடும்போது வருதா?" என்றார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நானே இழுத்துப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். உள்ளே இழுக்கும்போது.

ஆஸ்துமாவில் மார்புக்குள் இருக்கும் சிறு குழாய்கள் சுருங்குகின்றன; அந்த விசில் போன்ற இழுப்புச் சத்தம் (வீசிங்) பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும். குரல்வளையிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ அடைப்பு இருந்தால் உள்ளே இழுக்கும்போது கரகரவென்று வரும். அதற்கு ஸ்ட்ரைடார் என்று பெயர். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தால் மார்பைவிட அங்கே சத்தம் பலமாக இருக்கும். என் கோப்பில் ஒன்றரை வருடத்துக்கு முன் எடுத்த ஸ்பைரோமெட்ரி தாள் இருந்தது, ஊதியும் இழுத்தும் மூச்சின் வேகத்தை அளக்கும் பரிசோதனை அது. கூராக ஏறி இறங்க வேண்டிய வளைவு, மேலும் கீழும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. எண்களை மட்டும் பார்த்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

கேமரா வைத்த மெல்லிய குழாயை (ஸ்கோப்) உள்ளே விட்டுப் பார்த்தார்கள், சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். குரல் நாண்களுக்குக் கீழே வளையம்போல் வடு. சப்கிளாட்டிக் ஸ்டெனோசிஸ், அதாவது குரல் நாண்களுக்குக் கீழே மூச்சுவழி குறுகிப்போவது. பெரியவர்களுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் விட்டம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 5 மில்லிமீட்டர் இருந்தது. தீவிர சிகிச்சையில் மூச்சுக்குழாயில் குழாய் போட்டிருந்தவர்களுக்கு இது வரலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் சில தன்னெதிர்ப்பு நோய்களாலும் வரலாம், அதற்காக ஆங்கா என்ற ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். எனக்கு எந்தக் காரணமும் அகப்படவில்லை. அப்படிக் காரணம் தெரியாமல் வருவது பெரும்பாலும் நடுவயதை ஒட்டிய பெண்களுக்குத்தானாம்.

"ரெண்டரை வருஷம் எப்படித் தாங்கினீங்க?" என்று அவர் கேட்டார். குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், காற்று சீராக ஓடினால்கூட, அதற்கான தடை 16 மடங்கு ஆகும் என்று அவர்தான் விளக்கினார். அதனால்தான் நெடுநாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, கடைசி ஒரு மில்லிமீட்டர் குறையும்போது எல்லாம் சேர்ந்து சரிகிறது. ஒரு சாதாரணச் சளி பிடித்தாலும் அந்த மில்லிமீட்டர் போய்விடும்.

மயக்க மருந்து கொடுத்து, வடுவைச் சில இடங்களில் கீறி, பலூனால் விரித்து, ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். விழித்ததும் முதலில் தெரிந்தது காற்றின் குளிர்ச்சி. மூச்சு தொண்டையைத் தாண்டி அடிவரைக்கும் போவதை உணர முடிந்தது. படுத்தபடியே அழுதேன். அடுத்த வாரம் மகளோடு கண்ணாமூச்சி ஆடினேன். அலமாரிக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டுபிடிக்க முடியாமல் அவள் பயந்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

வடு திரும்பவும் வளரும். எனக்கு 14 மாதத்தில் வந்தது, இரண்டாவது முறை விரித்தார்கள். இதோடுதான் வாழ வேண்டும். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், முக்கியமாக எதையெல்லாம் செய்யாமல் விட்டீர்கள் என்பதை.

இரவுவிளக்கு:

அக்கா, என் கணவருக்காக எழுதுகிறேன். அவருக்கு அடைப்பு பகலில் கிடையாது, தூக்கத்தில்தான். நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்கிறது. குறட்டை சத்தமாக ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கும். மார்பு மட்டும் ஏறி இறங்கும், காற்று போகாது. நான் இருட்டில் எண்ணுவேன். 20, 30, ஒருமுறை 42 வரை எண்ணினேன். அப்புறம் ஒரு திணறலோடு மூச்சு வரும். அவருக்கு எதுவும் நினைவிருக்காது. நான் தூங்கவில்லை என்பதற்காகச் சண்டை போடுவேன் என்று அவர் நினைத்தார். அந்த எண்ணிக்கையில் எனக்கிருந்த பயத்தைப் புரியவைக்க முடியவில்லை.

மருத்துவமனையில் எப்வர்த் என்ற 8 கேள்வித் தாளைக் கொடுத்தார்கள். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, சாலை நெரிசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24, 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம். அவர் தனக்கு 6 போட்டார். நான் அவருக்காகத் தனியாக ஒரு தாளில் நிரப்பினேன்: 17. மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். மணிக்கு 47 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 30-க்கு மேல் போனாலே கடுமையானது என்று கணக்கு.

சிபேப் இயந்திரம் தந்தார்கள். 1981-இல் ஆஸ்திரேலியாவில் கோலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்ட முறை. காற்றழுத்தத்தாலேயே தொண்டையைத் திறந்து வைக்கிறது. கேட்க எளிமையாக இருக்கிறது. முதல் மூன்று வாரம் நரகம். முகமூடியின் ஓரம் கசிந்து கண்ணில் காற்றடிக்கும், மூக்கு வறளும், நடு இரவில் அவரே தூக்கத்தில் கழற்றி எறிந்துவிடுவார். "இதை மாட்டிக்கிட்டு எப்படி மனுஷன் தூங்குறது" என்று கைவிடப் பார்த்தார். நாங்கள் செய்தது இதுதான்: மாலையில் விழித்திருக்கும்போதே அரைமணி நேரம் மாட்டிக்கொண்டு படிப்பார். மூக்குக்கு மட்டுமான சிறிய முகமூடிக்கு மாறினோம், ஈரப்பதம் தரும் நீர்த்தொட்டியை இணைத்தோம். வாயைத் திறந்து தூங்குபவர்களுக்கு மூக்கு முகமூடி சரிவராது, அவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. காலைத் தலைவலி போய்விட்டது, கோபம் குறைந்தது. தனி அறையில் படுத்திருந்த நான் திரும்பி வந்தேன். இயந்திரத்தின் மெல்லிய இரைச்சல் எனக்குத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் அது கேட்கும்வரை எண்ண வேண்டியதில்லை.

இருவர்அம்மா:

என் பெரியவனுக்கு 7 வயதாகியும் படுக்கையில் சிறுநீர் போனது. திட்டினேன். வகுப்பில் ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான் என்று புகார் வந்தது, அதற்கும் திட்டினேன். வாயைத் திறந்துகொண்டு, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவான். அதை ஒரு விஷயமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் தொண்டையில் இருக்கும் டான்சிலும் பெரிதாகி இரவெல்லாம் மூச்சுக்குப் போராடியிருக்கிறான். குழந்தைகளுக்குத் தூக்கம் வராவிட்டால் சோர்ந்து உட்காரமாட்டார்கள், துள்ளித் திரிவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தூக்கத்தில் மூச்சு நிற்பதோ குறைவதோ பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் இயல்பு என்கிறார்கள். குழந்தைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன் நான் கேட்ட கேள்விக்கு மருத்துவர் நேர்மையாகப் பதில் சொன்னார். 2013-இல் 5 முதல் 9 வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்ததாம். அறுவை செய்த குழந்தைகளின் தூக்கமும் நடத்தையும் வாழ்க்கைத் தரமும் நன்றாக முன்னேறியிருந்தன. கவனத் தேர்வு மதிப்பெண்களில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "படிப்பு உடனே தூக்கிப் போகும்னு எதிர்பார்க்காதீங்க, பிள்ளை நிம்மதியா இருப்பான்" என்றார். அப்படியே நடந்தது. இரண்டு மாதத்தில் படுக்கை நனைவதும் நின்றது. திட்டியதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றான். எனக்குத்தான் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

புதுக்காற்று:

என் விஷயம் இவ்வளவு பெரியதில்லை. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து போட்டுப் போட்டு 8 மாதம் ஓட்டினேன். போட்டால் ஐந்து நிமிடத்தில் திறக்கும், சில மணி நேரத்தில் முன்பைவிட மோசமாக அடைக்கும். அந்த மருந்துதான் அடைப்பையே உண்டாக்கிக்கொண்டிருந்தது. சில நாளுக்கு மேல் போடக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஸ்டீராய்டு ஸ்பிரேயின் துணையோடு ஒரு மூக்கில் முதலில், பிறகு அடுத்ததில் என்று நிறுத்தினேன். இரண்டு வாரம் கஷ்டம், அப்புறம் சரியாகிவிட்டது.

கழுத்துவழி:

தைராய்டு அறுவைக்குப் பிறகு எனக்கு இரண்டு குரல் நாண்களும் அசையாமல் நடுவில் நின்றுவிட்டன. விசித்திரம் என்னவென்றால் குரல் ஓரளவு நன்றாகவே இருந்தது, மூச்சுதான் வரவில்லை. கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் போட்டார்கள். நரம்பு தானாகத் தேறலாம் என்பதால் ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள்.

மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் வாசனை போய்விட்டது. சாப்பாட்டின் ருசியில் பாதி வாசனைதான் என்று அப்போதுதான் புரிந்தது. உள்குழாயைத் தினம் கழுவ வேண்டும். காற்றை ஈரப்படுத்த மூக்கு இல்லாததால் அந்த வேலைக்கு ஒரு சிறு வடிகட்டி. அது இல்லாவிட்டால் சளி கெட்டியாகிக் குழாயை அடைக்கும். என் மனைவி சக்‌ஷன் போட, அதாவது குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க, கற்றுக்கொண்டாள். பேருந்தில் குழந்தைகள் உற்றுப் பார்ப்பார்கள், அது எனக்கு வலிக்காது. பெரியவர்கள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் வலிக்கும்.

பேச்சு வால்வு வந்த பிறகு நாள் மாறியது. மூச்சை உள்ளே விட்டு, வெளியேறும் காற்றைக் குரல் நாண் பக்கம் திருப்பும் ஒருவழிக் கதவு அது. தசைச் சிதைவு நோயோடு வென்டிலேட்டரில் இருந்த டேவிட் மியூர் என்பவர் தன் தேவைக்காக உருவாக்கியது. ஒரு எச்சரிக்கை: கஃப் (குழாயைச் சுற்றி ஊதி நிரப்பும் சிறு பலூன்) உள்ள குழாய் என்றால் அதன் காற்றை முழுக்க இறக்காமல் வால்வைப் பொருத்தவே கூடாது. உள்ளே போன மூச்சுக்கு வெளியேற வழி இருக்காது.

நரம்பு தேறவில்லை. இப்போது லேசரால் ஒரு குரல் நாணின் பின்பகுதியைக் கொஞ்சம் வெட்டி வழியை அகலப்படுத்தலாம், குழாயை எடுத்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் குரல் மூச்சுக் கலந்து மெலிந்துவிடும். நான் பள்ளியில் பாடம் எடுப்பவன். இன்னும் முடிவு செய்யவில்லை. மழைத்துளி அக்கா, நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

மழைத்துளி:

தம்பி, உங்களுக்காக நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் நான் ஒன்று செய்தேன், அதைச் சொல்கிறேன். இரண்டாவது விரிப்புக்கு முன் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன்: மூச்சால் விட்டுப்போனவை, சிகிச்சையால் விட்டுப்போகக்கூடியவை. அதை அப்படியே மருத்துவரிடம் கொடுத்தேன். கதை வாசிப்பது அதில் முதலில் இருந்தது. குரலைத் தொடக்கூடிய பெரிய அறுவையைத் தள்ளிவைத்து, விரித்து விரித்துப் போகலாம் என்று அவர் சொன்னது அந்தத் தாளைப் பார்த்துத்தான். நீங்களும் எழுதிக் கொடுங்கள். வகுப்பில் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டுமா, மைக் வைத்தால் போதுமா என்பதையும் அதில் எழுதுங்கள்.

இருவர்அம்மா, பிள்ளை சரியாகிவிட்டான். இனியாவது உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

எல்லாருக்கும் ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உள்ளிழுக்கும் சத்தம் வந்தாலோ, கழுத்துக் குழியும் விலாவும் உள்ளே இழுத்தாலோ, படுக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனாலோ காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் "ஆஸ்துமா" என்று யாராவது எழுதுவதற்கு முன் உங்களுக்கு எங்கே அடைப்பு என்று சொல்லுங்கள். என் பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கிறது: அடைப்பு இருக்கும் இடம், கடைசியாக அளந்த அளவு, சாதாரண அளவுக் குழாய் நுழையாது என்ற குறிப்பு.

நான் தினமும் காலையில் மூச்சை ஊதும் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ கருவியில் மூன்று தடவை ஊதி, அதிகமான எண்ணைக் குறிக்கிறேன். இரண்டாவது விரிப்பு முடிந்த வாரம் 390 இருந்தது. இன்று 340. 300-க்கு வந்தால் அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று இரவு மகளுக்கு ஒரு கதையை முழுசாக வாசித்தேன்.