ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி விக்குகிறது, அவசர உதவி தேவை

புதுவண்டி:
வணக்கம். போன வாரம்தான் பழைய ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கும்) எஸ்யூவி ஒன்று வாங்கினேன். நேராகப் போகும்போது அருமை. ஆனால் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி விக்கி விக்கி நகர்கிறது, அடியிலிருந்து ஒரு முனகல் சத்தம் வேறு. வண்டியை இரண்டு இன்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட், ரூஃப் ரேக், எல்இடி பார் எல்லாம் போட ஆசைப்பட்டு வாங்கியது. கியர்பாக்ஸ் போய்விட்டதா? சனிக்கிழமை குடும்பத்தோடு மலைக்குப் போகணும்.

ஸ்பேனர்:
என்ன வண்டி? எந்த வருஷம்? எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது? எதுவுமே சொல்லாமல் எப்படிச் சொல்வது நண்பரே.

மண்பாதை:
சிவி ஜாயின்ட்தான், அதாவது சக்கரம் திரும்பும்போதும் அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு. என் வண்டியிலும் திரும்பும்போதுதான் சத்தம் வந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் அதன் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஸ்பேனர்:
சிவி ஜாயின்ட் போனால் டக் டக் என்று அடிக்கும். இவர் சொல்வது விக்கல், முனகல். பின் டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எண்ணெய் எப்போது மாற்றியது? எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

பழையகை:
வண்டி வாங்கிய அன்றே உரிமையாளர் கையேட்டைப் படித்திருந்தால் இந்தக் கேள்விக்கே அவசியம் இல்லை. சரி, சொல்கிறேன். திரும்பும்போது முன்சக்கரங்கள் போகும் வட்டம் பெரிது, பின்சக்கரங்களுடையது சிறிது. இரண்டையும் இணைக்கும் கப்ளிங் என்ற கிளட்ச் அந்த வித்தியாசத்துக்கு வழுக்கிக் கொடுக்க வேண்டும். முன்னையும் பின்னையும் பூட்டிவிடும் லாக்கில் போட்டுக் காய்ந்த தரையில் திருப்பினால் எந்த வண்டியும் விக்கும். டிரைவ் முறையை மாற்றும் குமிழ் எதில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

புதுவண்டி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். நிசான் எக்ஸ்-டிரெயில், 2011, 1,30,000 கி.மீ. குமிழ் ஆட்டோவில்தான் இருக்கிறது. பூட் கிழியவில்லை. எண்ணெய் மாற்றிய விவரம் விற்றவரிடம் இல்லை.

நாலுசக்கரம்:
குமிழை 2WD-க்கு (முன்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) திருப்பி அதே இடத்தில் ஒடித்துப் பாருங்கள். விக்கல் நின்றால் கியர்பாக்ஸ் பயத்தை விட்டுவிடலாம். அப்புறம், நாலு டயரின் அளவும் படித்துச் சொல்லுங்கள், பக்கவாட்டில் இருக்கும். நாலு இலக்கத் தேதியும் வேண்டும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

புதுவண்டி:
2WD-இல் விக்கல் இல்லை!! முன்னால் 225/65R17, இந்த வாரம் நான்தான் புதுசாக மாட்டினேன், கொஞ்சம் உயரமாகத் தெரியட்டும் என்று. பின்னால் பழைய 225/60R17, பாதிக்கு மேல் தேய்ந்தது. இது முக்கியமா?

நாலுசக்கரம்:
இதுதான் விஷயமே. 225 என்பது டயரின் அகலம் மி.மீ.-இல், 65, 60 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 65-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தில் மட்டும் விட்டம் 22.5 மி.மீ. கூடுகிறது, சுற்றளவில் 70 மி.மீ. பின் டயர் 5 மி.மீ. தேய்ந்திருந்தால் இன்னொரு 31 மி.மீ. ஆக ஒவ்வொரு சுற்றிலும் முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்ட 10 செ.மீ. ஒட்டவில்லை. சுபாரு தன் ஆல் வீல் வண்டிகளுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் சுற்றளவு வித்தியாசம் கூடாது என்கிறது, அது வெறும் 6 மி.மீ. சொச்சம். நேர் ரோட்டில்கூட அந்தக் கப்ளிங் ஓயாமல் வழுக்கிச் சூடாகிக்கொண்டிருக்கும். தயவுசெய்து இப்படியே மலை ஏறாதீர்கள். கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கும் அளவில், ஒரே மாடலில் நாலும் மாற்றுங்கள்.

ஸ்பேனர்:
டயர் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எண்ணெயையும் மாற்றுங்கள். பழைய எண்ணெயில் கப்ளிங்கின் கிளட்ச் தகடுகள் முனகும்.

பழையகை:
எல்லா வண்டியிலும் அந்தக் கிளட்ச் டிஃபரன்ஷியல் எண்ணெயில் ஊறுவதில்லை. பலவற்றில் தனியாக மூடிய பகுதி. தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

ஸ்பேனர்:
1,30,000 கி.மீ. ஓடிய, விவரம் தெரியாத வண்டிக்கு எண்ணெய் மாற்றச் சொல்வதில் என்ன தப்பு சார்?

மண்பாதை:
நாலும் மாற்றக் காசு இல்லையென்றால் புது ஜோடியை முன்னால் போடலாம், இழுவை அங்கேதானே.

நாலுசக்கரம்:
வேண்டாம். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண வண்டியிலேயே புது ஜோடி பின்னால்தான் போக வேண்டும். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் சுழன்றுவிடும், பெரும்பாலானவர்களால் பிடிக்க முடியாது.

மண்பாதை:
இருபது வருஷமாக முன்னால்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பழையகை:
மழையில் ஒரு வளைவு போதும். அது இருக்கட்டும், இவர் கேட்டது ஆல் வீல், இதில் முன்னா பின்னா என்ற பேச்சே கிடையாது. புதுவண்டி, லிஃப்ட் கிட்டை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். உயர்த்தினால் சிவி ஜாயின்ட் கோணம் கூடும், இன்று கிழியாத பூட் அப்போது கிழியும், வீல் அலைன்மென்டும் முகப்பு விளக்கின் கோணமும் திரும்பச் சரிசெய்யணும். ரேக் போடலாம், ஆனால் கையேட்டில் உள்ள கூரை எடை வரம்பில் ரேக்கின் எடையும் சேர்த்தி.

ஸ்பேனர்:
புதுவண்டி, என்ன ஆச்சு? மலைக்குப் போனீர்களா?

புதுவண்டி:
போகவில்லை. நாலும் 225/60 போட்டாச்சு, விக்கல் சுத்தமாக நின்றுவிட்டது. முனகல் மட்டும் லேசாக இருக்கிறது, அடுத்த வாரம் எண்ணெய் மாற்றப் போகிறேன். ரொம்ப நன்றி.