கம்பெனி ஹெட்லைட்டே கண் கூசுது: ரீகால் கேட்கலாமா, ஃபோகஸ் கோளாறா?

பாலக்கோடு_வண்டி

அண்ணன்மார்களுக்கு வணக்கம். 2025 அக்டோபர்ல டெஸ்லா கம்பெனி அமெரிக்காவுல 63,619 சைபர்டிரக்கை (அவங்களோட மின்சார பிக்கப்) ரீகால் பண்ணுச்சு, அதாவது கோளாறைச் சரிபண்ண கம்பெனியே திரும்ப அழைச்சுச்சு. முன்பக்க பார்க்கிங் லைட் விதியில சொன்ன அளவைவிட அதிக பிரகாசம், எதிர்ல வர்றவங்களுக்குத் தொந்தரவுன்னு காரணம். அதைப் படிச்சதுல இருந்து ஒரு சந்தேகம்.

எங்க வண்டி மூணு வருஷமான காம்பாக்ட் எஸ்யூவி. கம்பெனியில வந்த எல்இடி ஹெட்லைட்தான், எதையும் மாத்தல. ராயக்கோட்டை ரோட்டுல ராத்திரி லோ பீம்ல போனாலே எதிர்ல வர்றவங்க டிப் அடிக்கிறாங்க. சர்வீஸ்ல கேட்டா "எல்இடின்னா அப்படித்தான் சார்"ங்கிறாங்க. பிரகாசமே அதிகமா, இல்ல ஃபோகஸ் ஏறியிருக்கா? வீட்டுலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது? கம்பெனி தப்புன்னா நம்ம நாட்டுல ரீகாலுக்கு வழி இருக்கா?

அரூர்_வொர்க்‌ஷாப்

"அப்படித்தான்"ங்கிற பதிலை ஏத்துக்காதீங்க தம்பி. எல்இடியோ ஹாலஜனோ, லோ பீம் எதிராளி கண்ணுக்குக் கீழதான் விழணும். லோ பீமோட மேல்பக்கம் கத்தியால வெட்டின மாதிரி ஒரு கோடு தெரியும். அதுதான் கட்-ஆஃப். முதல்ல அது எங்க நிக்குதுன்னு பாருங்க, பிரகாசத்தை அப்புறம் பேசலாம்.

நாலு டயர்லயும் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல உள்ள அளவு காத்து இருக்கணும். டிக்கியில சாமான் வேண்டாம். டிரைவர் சீட்டுல ஒருத்தர் உட்காரணும். ஹெட்லைட் லெவல் திருகு (டிரைவர் பக்கத்துல 0 முதல் 3 வரை எண் போட்ட சக்கரம்) 0-ல இருக்கணும். பலபேர் கோட்டை விடுறது தரையிலதான். வீட்டு வாசல் சரிவுல சோதனை பண்ணினா எல்லாமே தப்பா வரும். மட்டமான சிமென்ட் தரை, எதிர்ல வெள்ளைச் சுவர், லைட்டுக்கும் சுவருக்கும் சரியா 5 மீட்டர்.

தரையில இருந்து ஹெட்லைட் நடுப்புள்ளி எவ்வளவு உயரம்னு டேப் வச்சு அளந்து, அதே உயரத்துல சுவர்ல படுக்கையா ஒரு டேப் ஒட்டுங்க. பானெட்டைத் திறந்தா லைட் மேலயோ பக்கத்துலயோ 1.0% இல்ல 1.2%ன்னு பொறிச்சிருக்கும். 1% சரிவுன்னா 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறங்கணும். அப்போ உங்க 5 மீட்டர் சுவர்ல கோடு டேப்புக்கு 5 செ.மீ. கீழ விழணும். 1.2%ன்னா 6 செ.மீ. ஒரு லைட்டைத் துணியால மூடிட்டு மத்ததைப் பாருங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எது ஏறியிருக்குன்னு தெரியாது.

நாம இடப்பக்கம் ஓட்டுறவங்க. அதனால கோடு வலப்பக்கம் நேரா இருந்து, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறணும், ரோட்டோரம் நடக்கிறவங்களும் போர்டும் தெரியறதுக்காக. உங்களுக்கு வலப்பக்கம் ஏறுச்சுன்னா அது அமெரிக்கா, ஐரோப்பா மாதிரி வலப்பக்கம் ஓட்டுற நாட்டு லைட். எவ்வளவு இறக்கினாலும் எதிராளி கண்ணுலதான் குத்தும். விபத்துல ஒரு லைட் மாத்தின செகண்ட் ஹேண்ட் வண்டியில இதை அவசியம் பாருங்க. 'இ' முத்திரை (வட்டத்துக்குள்ள E எழுத்து போட்ட ஒப்புதல் முத்திரை) உள்ள கண்ணாடியில அம்புக்குறியும் உதவும்: லைட்டுக்கு எதிர்ல நின்னு பார்க்கும்போது அம்பு நம்ம வலப்பக்கம் காட்டினா இடப்பக்கப் போக்குவரத்துக்கானது. அம்பே இல்லைன்னா வலப்பக்கப் போக்குவரத்துக்கானது. ரெண்டு பக்கமும் அம்புன்னா ரெண்டுக்கும் ஆகும்.

சேஸிஸ்_17

ரீகால் பத்தி மட்டும் சொல்றேன். சைபர்டிரக்ல பிரச்சனை ஹெட்லைட் இல்ல, பார்க்கிங் லைட். அந்த நாட்டு லைட் விதி 108-ல உள்ள அளவைத் தாண்டிருச்சு. எல்இடிக்குப் போற கரண்டை வண்டியோட கம்ப்யூட்டரே தீர்மானிக்குது. அதனால ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்லயே பிரகாசத்தைக் குறைக்க முடிஞ்சுது. பாகம் எதுவும் மாத்தல. அந்த வண்டி இங்க விற்பனையிலயும் இல்ல.

நம்ம நாட்டுல மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல 110-ஏ பிரிவு வந்துச்சு. அதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல்ல இருக்கு. வண்டியில உள்ளவங்களுக்கு மட்டும் இல்ல, ரோட்டுல போற மத்தவங்களுக்கு ஆபத்துன்னாலும் ரீகால் உத்தரவு போடலாம்னு சட்டமே சொல்லுது. கண் கூசற லைட் இந்த ரெண்டாவது வகையில வரும். ஆனா ஒருத்தர் புகாருக்கு ரீகால் வராது. அதே மாடல்ல குறிப்பிட்ட சதவீதம் பேர் புகார் பண்ணணும், அப்புறம் விசாரணை. அதனால மத்திய அரசோட வாகன் போர்ட்டல்ல உங்க புகாரைப் பதிவு பண்ணுறது வீண் இல்ல. அது ஒரு எண்ணிக்கையாச் சேரும்.

அதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. கம்பெனி வெப்சைட்ல ரீகால் பக்கத்துல 17 எழுத்து சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க, ஏற்கனவே அறிவிச்சிருக்கலாம். அடுத்தது, அரூர்க்காரர் சொன்ன சுவர் சோதனையை டேப்பும் அளவுகோலும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து, சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டுல எழுத வைங்க. வாயால சொன்ன புகாருக்கு எங்கயும் மதிப்பு இல்ல.

கேஆர்பி_டேம்

கேட்டவர் வண்டிக்கு இது பொருந்தாது. ஆனா நம்ம ரோட்டுல கண் கூசறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்ங்கிறதால எழுதறேன்: ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள்ள கடையில வாங்கின எல்இடி பல்பு. எச்4 ஹாலஜன்ல (ஹை, லோ ரெண்டு இழையும் ஒரே பல்புல இருக்கிறது) லோ பீம் இழைக்குக் கீழ சின்னதா ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். ரிஃப்ளெக்டரோட கீழ்ப்பாதிக்கு ஒளி போகாம அது தடுக்குது. கட்-ஆஃப் கோடே அதனாலதான் வருது. மட்டமான எல்இடி பல்புல சிப் அந்த இடத்துல உட்காராது, ஒளி மேல சிதறும். ஃபோகஸ் திருகை எவ்வளவு திருப்பினாலும் சரியாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு மீறின மாற்றம்னு போட்டா 182-ஏ படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரை சிறைகூட உண்டு. ரீகால் உரிமை இந்த மாதிரி நாமளே மாத்தினதுக்கு வராது.

வெளிச்சம் பத்தலைன்னு 100/90 (ஹை பீம் 100 வாட், லோ பீம் 90 வாட்) பல்பு போடுறவங்களுக்கும் அதேதான். 60/55-க்கு ஹை பீம்ல ரெண்டு லைட்டுக்கும் சேர்த்து சுமார் 10 ஆம்பியர். 100 வாட்டுக்கு 16 ஆம்பியரைத் தாண்டும். ஹோல்டர் பழுப்பாகி உருகும், ரிஃப்ளெக்டர் வெள்ளிப்பூச்சு கருகும். அதுக்குப் பதிலா இன்ஜின் ஓடும்போது பல்பு பின்ல வோல்ட் அளங்க. பேட்டரியில 14 இருந்து பல்புல 12.6 வந்தா பத்து சதவீதம் இறக்கம். ஒளி சுமார் முப்பது சதவீதம் போயிருக்கும். எர்த்தைச் சுத்தம் பண்ணி, ரிலே வச்ச ஒயரிங் கிட், 2.5 சதுர மி.மீ. ஒயர், 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டா கம்பெனி பல்பே நல்லா எரியும்.

தக்காளி, மாங்காய் லோடு ஏத்துற பிக்கப் அண்ணன்மார்களே, பின்னாடி கிரேட் ஏறினா மூக்கு தூக்கும். லெவல் திருகு இருந்தா 2 இல்ல 3-ல வைங்க. தொப்பூர் கணவாய் வளைவுல எதிராளிக்கு ரெண்டு நொடி கண் தெரியாம போனா என்ன ஆகும்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

பாலக்கோடு_வண்டி

ரொம்ப நன்றிங்க. சுவர் சோதனை பண்ணிட்டேன். லைட் உயரம் 72 செ.மீ., பொறிச்சிருக்கிறது 1.0%. இடது லைட் கோடு டேப்புக்கு 5 செ.மீ. கீழ. வலது லைட் 4 செ.மீ. மேல. ரெண்டுலயும் கோடு இடப்பக்கம்தான் ஏறுது.

அரூர்_வொர்க்‌ஷாப்

அப்போ பிரகாசம் இல்ல, வலது லைட் ஃபோகஸ்தான். 5 மீட்டர்ல 4 செ.மீ. மேலன்னா 50 மீட்டர்ல 40 செ.மீ.; 72-ஓட சேர்த்தா 112. எதிர்ல வர்ற கார்க்காரர் கண் உயரமே கிட்டத்தட்ட அதுதான். அதுவும் வலது லைட், அவருக்குப் பக்கத்துல இருக்கிறது.

உடனே ஸ்க்ரூவைத் திருப்பாதீங்க. இவ்வளவு வித்தியாசம் தானா வராது. சுவர் எதிர்லயே லைட்டைப் போட்டு, லெவல் திருகை 0-ல இருந்து 3 வரை ஒருத்தரை மெதுவாத் திருப்பச் சொல்லுங்க. ரெண்டு கோடும் சேர்ந்து இறங்கணும். வலது மட்டும் அசையலைன்னா லைட் பின்னாடி காதை வச்சுக் கேளுங்க. லைட்டை மேல–கீழ அசைக்கிற சின்ன மோட்டார் சத்தமே இல்லைன்னா கனெக்டர் இல்ல மோட்டார். சத்தம் வந்தும் கோடு அசையலைன்னா, மோட்டார் கம்பி நுனியில உள்ள பிளாஸ்டிக் உருண்டை ரிஃப்ளெக்டர் கொக்கியில இருந்து கழண்டிருக்கும். பம்பர் கழட்டி வேலை பார்த்த வண்டியில இது நடக்கும். உருண்டை உடையாம இருந்தா திரும்ப அழுத்தி மாட்டலாம், 'டிக்'னு உட்காரும்.

ரெண்டும் ஒழுங்கா இறங்குச்சுன்னா மட்டும் ஸ்க்ரூ. லைட் பின்னாடி ரெண்டு இருக்கும், ஒண்ணு மேல்–கீழ், இன்னொண்ணு இடம்–வலம். மேல்–கீழ் ஸ்க்ரூவை மட்டும் கால் சுத்து திருப்பி, கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துட்டு அடுத்த கால் சுத்து. இடது லைட்டைத் தொட வேண்டாம், அதோட கோட்டுக்கு வலதை இறக்குங்க. உருண்டை கழண்ட நிலையில ஸ்க்ரூவால சரிக்கட்டினா ரோட்டுக் குலுக்கல்ல மறுபடி ஏறிடும், அதனாலதான் அந்த வரிசையில பார்க்கச் சொல்றேன்.