பிஸாரோவுக்கு ஒரு தமிழ்ச் சொல்: பிறழ்புனைவா, ஏடாகூடமா?

கோட்டையூரிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். நம் வாசகர் வட்ட இதழுக்கு பிஸாரோ (bizarro) என்னும் விசித்திரக் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்துவிட்டது, தலைப்பில்தான் நிற்கிறேன். பக்கத்துக்குப் பத்து இடத்தில் 'பிஸாரோ, பிஸாரோ' என்று வருவதைப் படித்தால் ஏதோ இத்தாலிய இனிப்புப் பலகாரம் போல இருக்கிறது.

அறியாதவர்களுக்காக: 2005 வாக்கில் அமெரிக்காவில் மூன்று சிறு பதிப்பகங்கள் தங்கள் நூல்களுக்குப் பொதுவாக வைத்துக்கொண்ட பெயர் இது. ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் இருக்கும் இரேசர்ஹெட் பிரஸ் அவற்றில் ஒன்று. 2006-இல் பத்து எழுத்தாளர்களைச் சேர்த்து ஆரஞ்சு அட்டையில் ஓர் அறிமுகத் தொகுப்பு போட்டார்கள். வீடியோக் கடையில் ஒரு சிலர் மட்டும் தேடிப் போகும் 'கல்ட்' படங்களுக்கென்று ஒரு மூலை இருக்குமே, இலக்கியத்தில் அந்த மூலை நாங்கள் என்பது அவர்களே தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட விளக்கம். ஒரு கதையில், அலாஸ்காவில் தன் சொந்தக் காருக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒருவனை ஒரு கரடி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. அவனோ கூட வேலை பார்ப்பவர்களைத் திட்டிக்கொண்டே கதை சொல்கிறான். இந்த மாதிரிக் கதைக்கு என்ன பெயர் வைப்பது?

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். விசித்திரப் புனைவு என்றால் போதுமே என்று முதலில் தோன்றியது, ஆனால் பேய்க்கதையும் அந்தப் பெயருக்குள் வந்துவிடும். பிறழ்புனைவு என்று வைக்கலாம். வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகுமா என்ற சண்டைக்கே இடமில்லை. பிறழ்புனைவாளர், பிறழ்புனைவுத் தொகுப்பு என்று நீட்டவும் வசதி.

பழைய சொல்தான் வேண்டுமென்றால் தொல்காப்பியச் செய்யுளியலுக்குப் போகலாம். உரைநடை வகைகளைச் சொல்லும் இடத்தில் 'பொருளொடு புணராப் பொய்ம்மொழி' என்று ஒன்று வருகிறது. உண்மையோடு ஒட்டாத பொய்க்கதை. அதிலிருந்து பொய்ம்மொழிப் புனைவு. இரண்டாயிரம் வருடத்துச் சரக்கு கையில் இருக்கும்போது புதிதாக எதற்குக் காய்ச்ச வேண்டும்?

பள்ளத்தூரிலிருந்து:

ஐயா, தம்பி, இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறழ்புனைவு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பிறழ்' என்றதும் எனக்கு ஞாபகம் வருவது மனப்பிறழ்வும் பிறழ்சாட்சியும். ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று கோர்ட். சிரித்துக்கொண்டே படிக்க வேண்டிய கதைக்கு இந்த இரண்டு வாசலும் சரியில்லை. அதைவிடப் பெரிய தடங்கல் வேறு இருக்கிறது. பிறழ்ந்தது என்றால் முதலில் ஒழுங்காக இருந்து பிறகு தடம் மாறியது என்று அர்த்தம் வந்துவிடும். பிஸாரோ கதை தடம் மாறுவதே கிடையாது. முதல் வரியிலேயே கோணலாகப் பிறந்து, அந்தக் கோணலிலேயே கொத்தனார் நூல் பிடித்த மாதிரிக் கடைசி வரி வரைக்கும் நேராகப் போகிறது. அந்தக் கரடிக் கதையைப் பாருங்கள், கரடி தின்பது கனவு என்று எங்கேயாவது சொல்லிவிட்டால் கதை செத்துப்போகும்.

ஐயா சொன்ன பொய்ம்மொழி என்னை ஒரு நாள் முழுக்க ஆட்டிவைத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தொல்காப்பியத்தின் பழைய உரையாசிரியரான பேராசிரியர் காட்டும் உதாரணம் என்ன? யானையும் குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்ற மாதிரியான கதை. அப்படியானால் பஞ்சதந்திரம் முழுவதும் பொய்ம்மொழி, அப்பத்தா சொன்ன நரிக்கதை பொய்ம்மொழி, குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனும் பொய்ம்மொழி. அது ஒரு பெரிய வளவு வீடு, அதில் ஒரு மூலை அறைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். வளவின் பெயரையே அறைக்கு வைத்தால் மற்ற பங்காளிகள் சும்மா இருப்பார்களா?

இனி அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதைப் பார்க்காமல் பெயர் வைக்க முடியாது. நானே ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய வீடு, நாற்பது புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்கு, யாரும் குடியில்லை, சாவி ஒருவரிடம், சண்டை எல்லோரிடமும். அந்த வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண் ஒன்று, பங்காளிச் சண்டை தாங்காமல், நான் ரங்கூனுக்கே திரும்பிப் போகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பிவிடுகிறது. காரைக்குடி ஸ்டேஷனுக்கு வந்து சென்னை போக பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறது.

இதே கதையை மூன்று விதமாக எழுதலாம். தூண் போவதை ஊரே இயல்பாகப் பார்க்க, 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் நினைவு அந்தத் தூணுக்குள் முனகுகிறது என்று எழுதினால் மாய யதார்த்தம். தூண் பிளாட்பாரத்திலேயே நிற்கிறது, வண்டி வரவே இல்லை, வராது என்று தூணுக்கும் தெரியும் என்றால் அபத்தம். ஆனால் பல்லவன் உட்கார்ந்து போகிற வண்டி, படுக்கை கிடையாது, பதினான்கு அடித் தூண் எப்படி உட்காரும், டிக்கெட் பரிசோதகர் அதைப் பயணி என்று எழுதுவாரா பார்சல் என்று எழுதுவாரா, மூத்த குடிமகன் என்று சொன்னால் தூண் வயதுச் சான்றுக்கு எங்கே போகும், திருச்சியில் ஏறிய ஒருவர் அதன் மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டால் அதற்குக் கோபம் வருமா வராதா என்று இந்தக் கவலைகளிலேயே நாற்பது பக்கம் போனால், அதுதான் பிஸாரோ. தூண் எதற்குக் குறியீடு என்று யாரும் கேட்கக்கூடாது. தூண் தூண்தான்.

எனக்கு இந்த வகை பிடித்துப்போனதற்குக் காரணமே இந்த நேர்மைதான். நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு கதையைப் படித்ததும் இதன் உள்ளர்த்தம் என்ன என்று மைக்கைப் பிடித்துவிடுகிறார்கள். பிஸாரோக்காரர்கள் அந்த வேலையைச் செய்யவிடுவதில்லை. ஒரு கிறுக்குத்தனத்தை வைத்தால் அதற்குண்டான கணக்கைக் காசு விடாமல் எழுதுகிறார்கள், கிட்டத்தட்ட பேரேடு மாதிரி. (நம் ஆட்களுக்கு இந்த வகை பிடிக்கும் என்று நான் நினைப்பதும் அதனால்தான்.) எல்லாக் கதையும் தேறும் என்று சொல்ல மாட்டேன், அருவருப்பை மட்டும் அள்ளிக்கொட்டிவிட்டுக் கணக்கு எழுத மறந்த கதைகளும் நிறைய, பத்துப் பக்கத்தில் சலித்துவிடும்.

நம் ஊரில் இந்தப் பார்வை புதிதும் இல்லை. கானாடுகாத்தான் பக்கம் நடந்து போகும்போது வீட்டு முகப்புகளை அண்ணாந்து பாருங்கள். நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, சில வீடுகளில் பக்கத்திலேயே தொப்பி வைத்துத் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய். சுதையில் செய்து வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். லட்சுமிக்கு எதற்குத் துப்பாக்கிக் காவல் என்று நான் சின்ன வயதில் கேட்டதற்கு எங்கள் ஐயா, "வீட்ல பணம் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அந்தக் குரல் இருக்கிறதே, அதுதான் இந்தக் கதைகளின் குரல்.

பழைய இலக்கியத்தில் கேட்டால் நான் கலிங்கத்துப்பரணியைக் காட்டுவேன். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. சமைப்பதற்கு முன் யானைக் கொம்பால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொள்ள வேண்டும், சுத்தம் முக்கியமல்லவா. செத்தவர்களின் பல்தான் அரிசி. கூழ் ஆனதும் பந்தி. அதில் சமணப் பேய்கள் வருகின்றன. அவை உயிரைக் கொல்லாத பேய்கள், ஒரு வேளைதான் சாப்பிடும். அவற்றின் விரதம் கெடக்கூடாது என்று கூழில் மயிர் கிடக்கிறதா எனப் பார்த்து, கொழுப்பையே துணியாக வைத்து வடிகட்டி ஊற்றச் சொல்கிறார் செயங்கொண்டார். இரத்தக் கூழில் ஆசாரம்! 12-ஆம் நூற்றாண்டில் இதை எழுதியவரை போர்ட்லாந்துக்கு அனுப்பினால் அங்கே மாலை போட்டு மேடையில் உட்காரவைப்பார்கள்.

தொல்காப்பியத்துக்கே போவதென்றால் நான் செய்யுளியலை விட்டு மெய்ப்பாட்டியலுக்குப் போவேன் ஐயா. உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாட்டில் நகை, இளிவரல், மருட்கை மூன்றும் இங்கே ஒரே பாத்திரத்தில் கொதிக்கின்றன. சிரிப்பு, அருவருப்பு, திகைப்பு. 'விசித்திரம்' திகைப்பை மட்டும் சொல்கிறது. 'பிறழ்' அருவருப்பின் பக்கம் சாய்கிறது. இரண்டிலும் சிரிப்பு இல்லை. மூலச் சொல்லில் சிரிப்பு இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. சூப்பர்மேன் சித்திரக்கதைகளில் 1958-இல் பிஸாரோ என்றே ஒரு பாத்திரம் வந்தது, சூப்பர்மேனின் கோணல் நகல், எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்பவன். பின்னால் அவனுக்கு ஒரு உலகத்தையும் கொடுத்தார்கள், அது உருண்டையாக இல்லாமல் கனசதுரமாக இருக்கும். ஆங்கிலம் படிக்கிற ஒருவருக்கு பிஸாரோ என்றதும் இந்தக் கோமாளித்தனமும் சேர்ந்துதான் காதில் விழும்.

ஆகவே என் முன்மொழிவு: ஏடாகூடப் புனைவு.

சிரிக்காதீர்கள், அல்லது சிரியுங்கள், அதுதான் வேண்டும். "ஏடாகூடமாப் பேசாதே" என்று வீட்டில் எப்போது சொல்வார்கள்? ஒன்று, பேச்சு சம்பந்தமில்லாமல் கோணலாகப் போகும்போது. இரண்டு, நாலு பேர் முன்னால் சொல்லக்கூடாததைச் சொல்லும்போது. பிஸாரோ இந்த இரண்டையும் செய்கிறது. சொல்பவர் முகத்தில் பாதிக் கண்டிப்பு, பாதிச் சிரிப்பு இருக்கும், அதுவும் பொருந்துகிறது. ஏடு, கூடம் என்று இரண்டு நல்ல சொற்கள் உள்ளே உட்கார்ந்திருப்பது போலத் தெரிவது கூடுதல் லாபம் (சொற்பிறப்பு சொல்லவில்லை, விளையாட்டுக்குச் சொல்கிறேன், யாரும் அகராதியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்).

கண்டனூரிலிருந்து:

பள்ளத்தூர் அண்ணே, பரணிப் பகுதி அருமை. சொல்லில்தான் எனக்கு இடிக்கிறது. ஏடாகூடம் என்றால் எங்கள் வீட்டில் விபத்து என்றும் அர்த்தம். "ஏடாகூடமா ஏதாவது ஆயிடப் போகுது" என்று மாமியார் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வேகத்தில் எல்லோரும் எழுந்துவிடுவோம். பிறழ்வில் ஆஸ்பத்திரி வருகிறது என்று தள்ளிவிட்டு இங்கே வேறு வாசல் வழியாக அதே இடத்துக்கு வந்துவிட்டீர்கள். கோக்குமாக்குக் கதை என்று வைத்தால் என்ன? அதில் ஓசையே கோணல்.

இன்னொன்று. எழுதுகிறவரை எப்படிச் சொல்வது? பிறழ்புனைவாளர் என்பது கௌரவமாக இருக்கிறது. ஏடாகூடக்காரர் என்றால் யாராவது மேடையேறுவார்களா?

பள்ளத்தூரிலிருந்து:

ஆச்சி, விபத்து அர்த்தத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பிரித்துக்கொள்ள வழி இருக்கிறது. 'ஆயிடப் போகுது' சேர்ந்தால்தான் விபத்து, புனைவு சேர்ந்தால் யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிட மாட்டார்கள். கோக்குமாக்கு எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் கோணலும் குறும்பும் இருக்கிற அளவுக்கு அருவருப்பு இல்லை. பரணிக் கூழை நினைத்துக்கொண்டு கோக்குமாக்கு என்று சொல்லிப் பாருங்கள், போதவில்லை. ஏடாகூடத்தில் "சீ, வாயை மூடு" இருக்கிறது.

ஏடாகூடக்காரர் என்று மேடையில் அழைத்தால் உண்மையான பிஸாரோ எழுத்தாளர் ஓடி வருவார். வராதவருக்கு மாய யதார்த்தத்தில் இடம் பார்த்துக் கொடுக்கலாம்.

தேவகோட்டையிலிருந்து:

இளிவரலைச் சொன்னதும் நான் பாதி இறங்கிவிட்டேன். கலைச்சொல் என்றால் விறைப்பாக நிற்க வேண்டும் என்று நாற்பது வருடம் வகுப்பில் சொல்லிப் பழகிவிட்டது, அதுதான் மனது வர மறுக்கிறது. ஒரு யோசனை: கட்டுரையில் ஏடாகூடப் புனைவு என்றே போடுங்கள். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'பிஸாரோ எனப்படும்' என்று முன்னால் சேர்த்துவிடுங்கள், பிறகு வேண்டாம். பிறழ்புனைவை நான் வேறொன்றுக்கு வைத்துக்கொள்கிறேன். நல்லவன் போலக் கதை சொல்லி வாசகரை ஏமாற்றும் கதைசொல்லி வருகிறானே, அந்த வகைக்கு அது பொருந்தும். பிறழ்சாட்சி என்று பள்ளத்தூரார் சொன்னதும்தான் தோன்றியது.

கோட்டையூரிலிருந்து:

சரி, ஏடாகூடப் புனைவு என்றே தலைப்பில் போட்டுவிட்டேன். தலைப்பைப் பார்த்துவிட்டு எங்கள் ஆத்தா, என்னத்தடா எழுதித் தொலைச்சிருக்கே என்று கேட்டார்கள். கட்டுரை சரியான திசையில்தான் போகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு உதவி வேண்டும். சமணப் பேய் வரும் பாட்டை உரையோடு யாராவது படம் எடுத்து அனுப்புங்கள், என்னிடம் இருக்கும் பிரதியில் கூழ் சமைக்கும் பக்கங்களைச் செல் அரித்துவிட்டது. அப்புறம் பள்ளத்தூர் அண்ணே, அந்தத் தூண் எழும்பூரில் இறங்கியதா இல்லையா? கதையாக எழுதித் தந்தால் கட்டுரைக்கு அடுத்த பக்கத்தில் போட்டுவிடலாம், நாலு பக்கம் காலியாக இருக்கிறது.