கலவை மெழுகு பில்லரும் திரியும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தேனடை
ஐந்து மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அம்மாவின் முதலாமாண்டு நினைவுத் திருப்பலிக்கு நானே ஒரு பில்லர், அதாவது டம்ளர் இல்லாமல் தானே நிற்கும் தடித்த மெழுகுவர்த்தி, ஊற்றினேன். 3 அங்குல விட்டம், பாரஃபின் மெழுகு 60 பங்கு, தேன்மெழுகு 40 பங்கு. அந்தத் தேன்மெழுகு மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுத் தேனீப் பெட்டிகளிலிருந்து அம்மா எடுத்து உருட்டி வைத்திருந்தது. அதுதான் கடைசி உருண்டை. திரி மட்டும் பாரஃபினுக்கு நான் எப்போதும் போடும் அதே 24 இழைத் தட்டைப் பின்னல், அதாவது 24 நூலிழையைத் தட்டையாகப் பின்னிய திரி.

காணிக்கைப் பாட்டு தொடங்கும்போது சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கியது. திரியைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில் குழி விழுந்து, அதில் மெழுகு தளும்பி நின்றது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், முனை உள்ளே மூழ்கி அணைந்துவிட்டது. கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) வந்து இரண்டு முறை கொளுத்தினார், நிற்கவில்லை. அம்மா படத்துக்கு முன்னால் அந்தக் கறுத்த முனை மட்டும் தெரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

கோவை விளக்கு
அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்கு நடந்தது நேர் எதிர். இப்படி மூழ்கிவிடுமோ என்று பயந்து இரண்டு அளவு தடிமனான திரியைப் போட்டேன். பாரஃபின், சோயா மெழுகு பாதிக்குப் பாதி. கிறிஸ்துமஸ் இரவு, குடிலுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்திருந்தேன். சுடர் இரண்டு அங்குலம் எழுந்து ஆடியது, நுனியில் புகை. இரண்டு மணி நேரத்தில் பக்கச் சுவர் உடைந்து, உருகிய மெழுகு மொத்தமும் குடில் வைக்கோலை நோக்கி ஓடியது. என் மகள்தான் முதலில் பார்த்துக் கத்தினாள். கையில் கிடைத்த துண்டைப் போட்டுத் தடுத்தேன். அந்த ஓட்டம் இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் திரியை ஒரு அளவு ஏற்றியிருந்தால் போதும் என்றே நினைக்கிறேன்.

வண்ணக்குச்சி
என்னுடையது சின்ன அனுபவம். நிறத்துக்காகக் குழந்தையின் கிரேயான் இரண்டை உருக்கிச் சேர்த்தேன். அழகான சிவப்பு. பத்து நிமிடத்தில் சுடர் மங்கிப் போனது. திரியை மாற்றி மாற்றி மூன்று பில்லர் ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, கிரேயானில் இருக்கும் நிறமி மெழுகில் கரையாது, பொடியாகவே மிதந்து திரியை அடைத்துவிடும். மெழுகில் கரையும் சாயம்தான் வேண்டும். குற்றம் திரியில் இல்லவே இல்லை.

பழைய அச்சு
கோவை விளக்கு சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு அளவு ஏற்றினால் போதும் என்பது பாரஃபினுக்குச் சரி. தேன்மெழுகு 40 பங்கு இருந்தால் கணக்கே வேறு. உருகிய பிறகும் அது பாரஃபினைவிடக் கெட்டியாக நிற்கும், திரியில் மெதுவாகத்தான் ஏறும். உருகுநிலையும் 62, 64 டிகிரி. அதற்குத் தட்டைப் பின்னலைவிடச் சதுரப் பின்னல் பொருந்தும். இன்னொன்று, வீட்டுப் பெட்டி மெழுகு என்கிறீர்கள். வடிகட்டினீர்களா? மகரந்தமும் அடைத் துணுக்கும் இருந்தால் எந்தத் திரியும் அடைபடும். வெந்நீரில் உருக்கி, பருத்தித் துணியில் இரண்டு முறை வடிக்க வேண்டும்.

என் கதை இதுதான்: சதுரப் பின்னலைத் தலைகீழாகக் கோத்துவிட்டேன். அச்சில் ஊற்றும்போது பில்லரின் தலை கீழே அல்லவா இருக்கும்? அதை மறந்துவிட்டேன். பின்னலில் தெரியும் 'வி' வடிவம் எரியும்போது நேராக நிற்க வேண்டும். எனக்கு முனையில் காளான் மாதிரி கரி கட்டி, உதிர்ந்து, மெழுகெல்லாம் கறுப்பு. ஒரு திருமண வீட்டுக்குக் கொடுத்த பன்னிரண்டும் அப்படி. மணப்பெண்ணின் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார், அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சோதனை முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கலவை, ஒரே அச்சு, மூன்று திரி: நீங்கள் சரி என்று நினைப்பது, அதற்கு ஒரு அளவு கீழே, ஒரு அளவு மேலே. திரியை முதலில் உருகிய மெழுகில் குமிழி நிற்கும் வரை முக்கி, இழுத்து நேராகக் காயவையுங்கள். உள்ளே காற்றும் ஈரமும் இருந்தால் சடசடக்கும். ஊற்றிய பிறகு அவசரப்படாதீர்கள்; சோயா கலந்திருந்தால் ஒரு வாரமாவது விடுங்கள், இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. கொளுத்தும் முன் திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டுங்கள். காற்று அடிக்காத இடம், மின்விசிறி கூடாது. ஒரு அங்குல விட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு, ஆக உங்கள் பில்லருக்கு மூன்று மணி நேரம். அப்போது உருகிய குளம் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே நிற்க வேண்டும். அதற்கு முன்பே நின்றால் திரி சிறிது, ஓரத்தைத் தொட்டால் பெரிது. டம்ளரில் ஊற்றும் மெழுகுக்கு ஓரம் வரை உருகலாம், பில்லருக்குச் சுவர்தான் பாத்திரம், அதை விட்டுவைக்க வேண்டும். அணைத்து, முழுக்க ஆறிய பிறகு திரும்பக் கொளுத்துங்கள். முதல் கொளுத்தலில் நன்றாக எரிந்தது மூன்றாவதில் மூழ்கலாம், அதனால் அடி வரை எரித்துப் பாருங்கள். வாசனை எண்ணெய் சேர்த்தாலோ சாயத்தை மாற்றினாலோ மறுபடி முதலிலிருந்து.

கோவை விளக்கு
பழைய அச்சு அண்ணா, நான் தேன்மெழுகில் ஊற்றியதே இல்லை. பாரஃபின் கணக்கில்தான் சொன்னேன், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உலோக நடு
சம்பந்தம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். ஒரு கடையில் பேரில்லாத கட்டுத் திரி வாங்கினேன், நடுவில் கம்பி. நேராக நிற்கிறதே என்று சந்தோஷம். இரண்டு வாரம் வீட்டில் தினமும் எரித்த பிறகுதான், ஈய நடு வைத்த திரிகளை அமெரிக்காவில் 2003இல் தடை செய்திருப்பதைப் படித்தேன். அன்று இரவு மிச்சத் திரியைப் பிரித்து, கம்பியை வெள்ளைத் தாளில் தேய்த்தேன். பென்சில் கோடு மாதிரி சாம்பல் தடம் விழுந்தது. துத்தநாகமாக இருந்தால் அப்படி விழாது என்கிறார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்த அறை அது. கட்டோடு தூக்கி எறிந்தேன். பில்லருக்குக் கம்பியே தேவையில்லை, பின்னல் பருத்தி தானே நிற்கும்.

தேனடை
எல்லோருக்கும் நன்றி. பழைய அச்சு அண்ணா, வடிகட்டவில்லை. அம்மா வடித்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன பிறகு அடிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், பழுப்பாகப் பொடி தெரிகிறது.

அந்தப் பில்லர் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. சோதனைக்கு அதைத் தொட மாட்டேன். சித்தப்பாவிடம் வேறு தேன்மெழுகு அரை கிலோ வாங்கி, வடித்து, அதே 60க்கு 40 கலந்து, சதுரப் பின்னலில் மூன்று அளவு ஊற்றிவிட்டேன். நேற்று முதல் கொளுத்தல். சின்னது ஒன்றரை மணி நேரத்திலேயே குழி தோண்டியது. நடு அளவு மூன்று மணி நேரத்தில் ஓரத்துக்கு ஒரு விரல்கடை உள்ளே நின்றது. பெரியதில் சுவர் மெலிந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும் ஊதிவிட்டேன். நடு அளவை அடி வரை எரித்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவுடையதை உருக்குவேன். திரியை எந்தப் பக்கமாகக் கோக்க வேண்டும் என்று மட்டும் ஒரு படம் போடுங்கள் அண்ணா.